விருமாண்டிப் பெரியப்பாவுக்கு ஒரு முழுக்கு

மலையாண்டிக்குத் தம்பியைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். தம்பியை ஊருக்குப் பிடித்துப்போனதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

கீழக்குயில்குடியில் பேதி கண்ட வருஷம் அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி சோணை அப்போது கோவணம் கட்டித் திரிந்த பயல். தங்கை அழகம்மாள் இன்னும் நடக்கவே பழகவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டேதான் மலையாண்டி கமலை இறைத்தார், களத்தில் நின்றார், சொந்தக்காரன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். தனக்குக் கல்யாணம் வேண்டும் என்ற நினைப்பே அவருக்குப் பிந்தித்தான் வந்தது. தம்பியை ஆளாக்கி, தங்கையைப் பழங்காநத்தத்து முத்திருளனுக்குக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது, இனி இவர்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் நான்தான் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. அதை மற்றவர்கள் தினமும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்ததில்தான் கோளாறு.

சோணைக்குச் சிம்மக்கல்லில் ஒரு தவசக் கடையில் வேலை. சிரித்த முகம். எவரோடும் சட்டென்று ஒட்டிக்கொள்வான். கடையிலிருந்து பழங்காநத்தம் எட்டும் தூரம் என்பதால் தங்கை வீட்டுக்கு அடிக்கடி போவான். அழகம்மாளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் வயிற்றில் பூச்சி புழு இல்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் காவடியைத் தூக்கிக்கொண்டு, மதுரையிலிருந்து செந்தூர் வரைக்கும் கால்நடையாகவே போய், தங்கைக்காக வேண்டிக்கொண்டு வந்தான் சோணை. மறு வருஷம் அழகம்மாள் ஆண் பிள்ளை பெற்றாள்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. "சோணை நடந்து வாங்கியாந்த பிள்ளை" என்றார்கள். மலையாண்டியின் காதுபடவே சொன்னார்கள்.

"நான் என்ன கால் வெளங்காமயா கெடந்தேன்? நடக்கணும்னு எவனாச்சும் என்கிட்டச் சொன்னானா?" என்று பெண்டாட்டி ஒச்சாயியிடம் பொருமினார்.

"அவுககிட்டயும் யாரும் சொல்லலையே" என்றாள் ஒச்சாயி. அன்று ராத்திரி அவர் சோற்றில் கைவைக்கவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் செந்தூரிலேயே முடியிறக்கிக் காது குத்துவது என்று வேண்டுதல். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு முறை உண்டு. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடியிறக்குவார்கள், காது குத்துவார்கள். எந்த மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்ததோ, அந்த மாமனுக்குத்தான் பிற்பாடு கல்யாணம் வரைக்கும் முதல் மரியாதை. மாமன்கள் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் மடி. அதில் பேச்சே கிடையாது. ஆனால் இளையவன் காவடி தூக்கியல்லவா பிள்ளை வந்திருக்கிறது? அதற்கு முறை என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். மலையாண்டி கேட்கவில்லை. என் தங்கச்சி பிள்ளைக்கு நான் மடி கேட்டு நிற்பதா என்று மீசையை முறுக்கிக்கொண்டு ரயிலேறினார்.

மாசி மாதம் அது. செந்தூருக்கு ரயில் விட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தும் மலையாண்டி கடலைப் பார்த்தவரில்லை. மதுரையில் ஏறித் திருநெல்வேலியில் வண்டி மாறினார்கள். அழகம்மாள், முத்திருளன், பிள்ளை, மலையாண்டி, சோணை, கூடமாட ஒத்தாசைக்கு, ஆத்தாளோடு பிறந்த பெரியம்மாவின் மகன் சங்கிலி. சங்கிலிக்கு அண்டா தூக்கத் தெரியும், பொங்கல் வைக்கத் தெரியும், வைத்த பொங்கலில் பாதியைத் தின்னத் தெரியும். வேறு காரியத்துக்கு அவனை யாரும் கூப்பிட்டதில்லை. ஒச்சாயி மாடுகன்றைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்டாள். அவள் கூட வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

கடல் தெரிந்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அழகம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மலையாண்டி மட்டும், "இம்புட்டுத் தண்ணியும் வீணாக் கெடக்கே" என்றார். வானத்தைப் பார்த்தே பயிர் வைக்கிற மனுஷருக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த ஊரே அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. யாருக்கும் அவசரமில்லை. வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒருவர் பின்னுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கதை கேட்கிறார். பனையடியில் நாலு பேர் ஓலைப் பட்டையில் பதநீர் குடித்துவிட்டு அங்கேயே துண்டை விரித்துப் படுக்கிறார்கள். காற்று வேறு ஓயாமல் வீசுகிறது. இந்தக் காற்றில் பாதி கீழக்குயில்குடிக் களத்துக்கு வந்தால் பொலி தூற்றிவிடலாமே என்று அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

காதுகுத்து மறுநாள் காலை. சத்திரத்தில் மூட்டையை இறக்கிவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். ஏற்கெனவே வந்தவன் என்பதால் சோணைதான் முன்னால் போனான். பிள்ளை அவன் தோளில் உட்கார்ந்து தலைமுடியைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது.

கோயில் வாசலில் சுக்குத் தண்ணி விற்கிற அம்மாள் சோணையைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "வாங்க அண்ணாச்சி! கால் கொப்புளத்தோட காவடி எடுத்துட்டு வந்தீயளே, மறப்பனா? இதுதான் அந்தப் பிள்ளையா?"

"ஆமாக்கா. இது தங்கச்சி, இது மச்சான், இவுக எங்க அண்ணே."

அந்த அம்மாள் மலையாண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "கூடப் பொறந்த அண்ணாச்சியா? முகச்சாடையே இல்லையே" என்றாள்.

மலையாண்டி சுக்குத் தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டார். கருப்பட்டி கசக்கிறதாம்.

நாழிக்கிணற்றுக்குக் கூட்டிப்போனான் சோணை. பெரிய பள்ளத்துக்குள் படியிறங்கினால் உள்ளே ஒரு குட்டிக் கிணறு. கைச்செம்பு போகிற அகலம்தான். "கடலு இந்தா கெடக்கு. சுத்துமுத்தும் உப்பு. இது மட்டும் எளநி மாதிரி இருக்கும், குடிச்சுப் பாருண்ணே" என்று செம்பை நீட்டினான். மலையாண்டி குடித்தார். தேனாக இனித்தது. "நம்ம ஊரு ஊத்துத் தண்ணிக்கு இது ஒறை போடக் காணாது" என்றார்.

வள்ளி ஒளிந்த குகைக்குள் நுழையும்போது சோணை திரும்பி, "எல்லாரும் குனிஞ்சு வாங்க, தலையில பாறை இடிக்கும்" என்றான். இவன் சொல்லி நான் குனிவதா என்று மலையாண்டி நிமிர்ந்தே நடந்தார். பாறை இடித்தது. நல்ல இடி. வலியைக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று வள்ளியைக் கும்பிடுகிற சாக்கில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அப்புறம் ஒரு கூண்டுவண்டி பிடித்துக் குலசேகரப்பட்டினம் போனார்கள். வழியில் இரத்தச் சிவப்பாகத் தேரி மணல். மணலுக்குள் பாதி புதைந்தபடி பனைகள். சிவப்பு மண்ணைப் பார்த்ததும் பிள்ளை துள்ளியது. இறக்கிவிட்டார்கள். அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தது. மலையாண்டிக்கும் மனசு கொஞ்சம் இளகியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பெரிய மாமாகிட்ட வாடா ராசா" என்று இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை அவருடைய மீசையை ஒருதரம் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. ஓவென்று அழுதுகொண்டே சோணையின் காலைப் போய்க் கட்டிக்கொண்டது.

"புதுசுல்ல, அதான்" என்றான் சோணை.

"நான் என்னடா புதுசு? அவன் ஆத்தாளைத் தூக்கி வளத்ததே இந்தக் கையி" என்றார் மலையாண்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றார். தலையும் வலிக்கத்தான் செய்தது.

சத்திரத்துக்குத் திரும்பிக் கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தால், அழகம்மாளும் சோணையும் ஒரு மூலையில் குனிந்து உட்கார்ந்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் பளபளவென்று ஒரு பட்டுத்துண்டு. அகலச் சரிகை. காதுகுத்தில் மடி கொடுக்கிற மாமனுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுகிற துண்டு அது. மலையாண்டியின் நிழல் விழுந்ததும் அவள் அதைப் பட்டென்று மூட்டைக்குள் திணித்துவிட்டாள். சோணை எழுந்து, "காத்து நல்லா வருதுல்லண்ணே" என்றான்.

அப்போதே மலையாண்டிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. துண்டும் வாங்கியாச்சு, மடியும் முடிவாச்சு. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "தம்பி நடந்தான், அவனே வச்சுக்கிறட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மையில்லை என்பது அவருக்கே தெரியும். அவருக்கு அந்த மடி வேண்டும். வளர்த்த தங்கையின் பிள்ளை தன் மடியில் உட்காரவேண்டும், நாலு பேர் அதைப் பார்க்கவேண்டும். அதைத் தவிர அந்த முருகனிடம் கேட்க அவருக்கு வேறொன்றும் இல்லை. அது கிடைக்காதென்றால், சோணைக்கும் கிடைக்கக் கூடாது. இதையும் அன்று ராத்திரி பூசைக்குப் போய் முருகன் சன்னிதியில் நின்றுதான் நினைத்தார்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கடலுக்குக் குளிக்கப் போனார். கரையில் அவர் ஊர்க்காரன் ஆண்டிச்சாமி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். முதல் நாள் சாயந்தர வண்டியில் வந்தானாம். குசலம் விசாரித்ததும் குரலைத் தணித்துக்கொண்டான்.

"உங்க விருமாண்டிப் பெரியப்பாவுக்கு முடியலைண்ணே. மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நான் கெளம்புறப்ப வாயில பால் ஊத்திக்கிட்டு இருந்தாக. இந்நேரம் என்ன ஆச்சோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்."

விருமாண்டி அவர்களுக்குப் பங்காளி முறையில் பெரியப்பா. பல்லுப்போன கிழவர். அவர் கண்ணை மூடினால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. தீட்டுக்காரன் கோயில் படி மிதிக்கக் கூடாது, நல்ல காரியத்தில் கை வைக்கக் கூடாது. பிள்ளையை மடியில் வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். கட்டிக்கொடுத்துவிட்ட அழகம்மாளுக்கும் அவள் புருஷன் வீட்டுக்கும் அந்தத் தீட்டு ஒட்டாது.

ஆண்டிச்சாமி மணப்பாடு பக்கம் ஒரு சோலியிருக்கிறதென்று போய்விட்டான். மலையாண்டி குளிக்காமல் கரையோடு நடந்தார். சத்தியமாக, அந்த நேரம் வரைக்கும் அவர் மனசில் எந்தக் கள்ளமும் இல்லை. பாவம் கிழவன் என்று மட்டும்தான் நினைத்தார். நடந்து வந்து தலையை நிமிர்த்தினால், சத்திரத்துக்கு எதிரே மணலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மணை போட்டிருந்தார்கள். நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். காது குத்துகிற ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மணைமேலே, புது வேட்டி கட்டிக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சோணை உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மலையாண்டிக்கு உச்சந்தலையில் யாரோ கொள்ளியை வைத்த மாதிரி இருந்தது.

"எந்திரிடா" என்றார். "விருமாண்டிப் பெரியப்பா போயிட்டாக."

சிரிப்பு அப்படியே நின்றது. சோணை பிள்ளையோடு எழுந்துவிட்டான். அழகம்மாள்தான் முதலில் பேசினாள்.

"யாருண்ணே சொன்னா?"

"ஆண்டிச்சாமி. இப்பத்தான் வண்டியை விட்டு எறங்கி நேரா வாரான். நேத்தே முடிஞ்சுபோச்சாம்."

அழகம்மாள் அவரையே பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

சோணை பிள்ளையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று கடலுக்குப் போய்ப் புது வேட்டியோடேயே முழுகினான். சாவுச்சேதி கேட்டவன் கட்டிய துணியோடு தலைமுழுக வேண்டுமே. மலையாண்டியும் போய் முழுகினார். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. உயிரோடிருக்கிற மனுஷனுக்கு முழுகுகிறோமே என்று முதல் முழுக்கில் திக்கென்றது. இந்நேரம் போயிருப்பார், பால் ஊத்தின பிறகு யார் பிழைத்தது என்று இரண்டாவது முழுக்கில் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கரையேறியபோது சோணை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். கிழவருக்காக இவ்வளவு அழுகையா என்று மலையாண்டிக்கு அதிசயமாக இருந்தது.

"உனக்குக் குடுத்துவைக்கலையேண்ணே" என்றான் சோணை. "அம்புட்டு ஆசையா இருந்தோமே."

"எனக்கா?"

அழகம்மாள் மூட்டையிலிருந்து அந்தப் பட்டுத்துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தீட்டுக்காரரைத் தொடாமல் நாலடி தள்ளி நின்றாள்.

"இது ஒனக்கு வாங்குனது பெரியண்ணே. ஒன் தலையில கட்டி ஒன் மடியிலதான் பிள்ளையை வைக்கிறதுன்னு கார்த்திகையிலயே பேசி முடிச்சாச்சு. சின்னண்ணன்தான் ஒன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுச்சு."

"சொன்னா நீ முறுக்கிக்குவேண்ணே" என்றான் சோணை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நடந்தவன் நீ, நீயே வச்சுக்கடான்னு வீம்புக்குச் சொல்லுவே. சொல்லிட்டா அப்பறம் எறங்கி வரமாட்டே. அதான், காலையில நீ குளிச்சிட்டு வரவும் திடீர்னு துண்டைக் கட்டி உக்காரவச்சிரலாம்னு இருந்தோம். அழுகுற பயலைச் சும்மா அமத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மலையாண்டி சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். சாகலை, இழுத்துக்கிட்டுத்தான் கெடக்காரு. அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அழகம்மாள் துண்டைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நகரவில்லை. சரிகை வெயிலில் மின்னியது. பிள்ளை முத்திருளன் கையில் இருந்தது. நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ஆசாரி பார்த்தார். சங்கிலி அண்டாப் பக்கத்தில் கரண்டியோடு நின்று பார்த்தான். இத்தனை பேர் முன்னால், பெரியப்பனை நானே வாயால் கொன்றேன், தம்பி மேல் பொறாமைப்பட்டுக் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது? மதுரைக்குத் தெற்கே மேற்கே இருக்கிற சொந்தம் பூரா கைகொட்டிச் சிரிக்காதா? அவர் வாயை மூடிக்கொண்டார்.

அழகம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் துண்டை மடித்தாள்.

"வெயில் ஏறுது சாமி" என்றார் நாவிதர்.

முத்திருளன் மெதுவாகப் பேசுகிற மனுஷர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான் கோவிச்சுக்கக் கூடாது. எங்க பக்கம் தீட்டு இல்லை. சாமிக்கு வேண்டுனதை அரைகுறையாத் திருப்பிக்கொண்டு போகவும் மனசு வரலை. ஊருக்குப் போற வண்டியும் மத்தியானத்துக்கு மேலதான். சங்கிலி இருக்காரு. பெரியம்மா மகன்னா அவரும் தாய்மாமன்தானே? அவருக்கு உங்க பங்காளித் தீட்டும் இல்லை."

"நானா?" என்றான் சங்கிலி. கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது.

கையைக் கழுவவைத்து, தலையைத் துவட்டிவிட்டு, பட்டுத்துண்டைப் பரிவட்டமாகக் கட்டி, சங்கிலியை மணையில் உட்காரவைத்தார்கள். புகையடித்த அந்த முகத்துக்கு மேலே சரிகை ஜொலித்தது. பிள்ளை அவன் மடியில் அழாமல் உட்கார்ந்தது. முடி இறங்கியது. காது குத்தும்போது வீரிட்டு அலறி, அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவன் மடியை நனைத்துவிட்டது. மாமனுக்கு யோகம்தான் என்று நாவிதர் சிரித்தார். சங்கிலிக்கு அழுகை வந்துவிட்டது. அவன் வாழ்நாளில் அவனை யாரும் மணையில் உட்காரவைத்ததில்லை.

மாமன்கள் இரண்டு பேரும் ஈர மணலில் எட்டத்தில் நின்றார்கள். சோணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருண்ணே, சங்கிலி எம்புட்டு அம்சமா இருக்கான்" என்றான். மலையாண்டிக்கு அந்தப் பரிவட்டத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு வெந்தது. அந்தத் தலைக்கா இது? பொங்கல் பானை சுரண்டுகிறவன் தலைக்கா? நேற்று வரைக்கும் தம்பி மேல் எரிந்தது இப்போது சங்கிலி மேல் எரிந்தது. நல்லவேளை, எரிகிறதற்கு ஆள் மாறினாலும் எரிச்சலுக்கு ஒரு குறைவும் இல்லை. அதற்கு நடுவிலே ஆண்டிச்சாமி மணப்பாட்டிலிருந்து திரும்பி எதிரே வந்து நின்றுவிடுவானோ என்று கழுத்து நோகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

ஆண்டிச்சாமி வரவில்லை. வண்டிதான் வந்தது. வழி நெடுக மலையாண்டி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தபடியே வந்தார். அண்ணன் பெரியப்பாவுக்காக வேண்டிக்கொள்கிறார் என்று சோணை யாரையும் சத்தம் போடவிடவில்லை. வேண்டிக்கொண்டதும் பெரியப்பாவைப் பற்றித்தான். முருகா, எப்படியாவது அந்தக் கிழவனை எடுத்துக்கொள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் எடுத்துக்கொள். உனக்கு வருஷா வருஷம் நடந்தே வாரேன். பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர், ஒரு மடிக்கு ஆசைப்பட்டுச் சாவு கேட்டுக் கும்பிடுகிற இடத்துக்கு வந்து நின்றார்.

மறுநாள் விடிய மதுரையில் இறங்கி வண்டி பிடித்தார்கள். பழங்காநத்தத்தில் அழகம்மாளை இறக்கிவிடுகிறேன் என்று மலையாண்டி எவ்வளவோ சொன்னார். "துக்கம் கேக்காம எப்படிண்ணே" என்று அவள் பிள்ளையோடு அப்படியே உட்கார்ந்துகொண்டாள். சமணர் மலை கண்ணுக்குத் தெரிந்ததுமே சோணை விசும்ப ஆரம்பித்தான். ஊர் எல்லையில் வண்டியிலிருந்து குதித்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "எங்களை விட்டுப் போயிட்டீகளே பெரியப்பா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடினான். சங்கிலியும் பரிவட்டத்தை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினான்.

விருமாண்டி வீட்டு வாசலில் பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. வேப்ப மரத்தடியில் கட்டிலில் ஒரு கிழவர் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். ஓடி வந்த இரண்டு பேரையும் பார்த்துச் சட்டியை இறக்கினார்.

"எவன்டா செத்தது?" என்றார்.

சோணை மாரில் ஓங்கிய கையோடு நின்றான். பிறகு, "பெரியப்பா!" என்று கத்திக்கொண்டு கிழவரைக் கூழ்ச்சட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. செந்தூரில் நடந்ததை அவன் சொல்லி முடிப்பதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"பாலு ஊத்துனாக" என்றார் கிழவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நல்ல பாலு. இன்னொரு செம்பு கேட்டேன். அதோட எந்திரிச்சு உக்காந்துட்டேன். எனக்காகக் கடல்லயா முழுகுனீக? பயலுகளா, நான் இன்னும் அந்தக் கடலைப் பாத்ததே இல்லையேடா!"

ஊரே சிரித்தது. மலையாண்டி ஆகாயத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லோரையும்விட உரக்கக் கத்த ஆரம்பித்தார். "அந்த ஆண்டிச்சாமிப் பய வரட்டும். உசுரோட இருக்கிற மனுசனைச் செத்துப்போனார்னு சொன்ன நாக்கை அறுக்காம விடமாட்டேன்!" அவன் அப்படித்தான், அவன் அப்பனும் அப்படித்தான் என்று நாலு பேர் ஒத்துப்பாடினார்கள். மலையாண்டிக்கு மூச்சு சீராக வந்தது. தப்பித்தோம் என்று வண்டிப் பக்கம் திரும்பினார்.

அழகம்மாள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மொட்டைத் தலையோடு தூங்கிய பிள்ளையைச் சேலையால் மூடியிருந்தாள். கூட்டம் கிழவரைச் சுற்றி நின்றதால் இங்கே யாரும் இல்லை.

"ஆண்டிச்சாமி அண்ணனை ஒண்ணும் சொல்லாதே பெரியண்ணே" என்றாள். "நான் முந்தாநாள் சாயந்தரமே அவரைப் பாத்துட்டேன். நாழிக்கிணத்துல தண்ணி எடுக்கப் போனப்ப என்கிட்டயும் சொன்னாரு. இழுத்துக்கிட்டு இருக்குன்னுதான் சொன்னாரு. சாவு விழுந்தாத்தானே தீட்டு, காரியம் முடியட்டும்னு நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கலை."

மலையாண்டி கூட்டத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். தூக்கி வளர்த்த பெண்ணிடம், கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"தெரிஞ்சா அங்கனயே சொல்லியிருக்கலாமே தாயி. என்னை ரெண்டு ஏச்சு ஏசிட்டு, பிள்ளையை என் மடியில வச்சிருக்கலாமே."

"துண்டைப் பிடிச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேனே, எதுக்குண்ணே நின்னேன்?" என்றாள் அழகம்மாள். "நீயாச் சொல்லுவேன்னுதான் நின்னேன்."

பிள்ளை விழித்துக்கொண்டு சிணுங்கியது. குத்திய காது வலித்திருக்கும். மலையாண்டி கையை நீட்டவில்லை. அழகம்மாள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சங்கிலி அண்ணே, இங்கிட்டு வாங்க. ஒங்க மருமகன் தேடுறான்" என்று கூப்பிட்டாள்.